காய்ச்சலும் பாய்ச்சலும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஒன்பதாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தபோது ஐந்து பேர் வரவில்லை. மூன்று நாள்களாக வராத ஒரு மாணவி அன்று வந்திருந்தாள். "டீச்சர், புள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். நேத்து ராத்திரியோட விட்டுருச்சு. பரீட்சை வருதேன்னு அனுப்பி வெச்சேன்" என்று சொல்லிவிட்டு அவளுடைய அம்மா வயல் வேலைக்குப் போய்விட்டார். இரண்டாம் பாடவேளையில் அவள் மேசையில் தலை சாய்த்துப் படுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று நினைத்து, சத்துணவு வரும்வரை படுத்திரு என்றேன். பிறகு இருமுறை வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த தலைமையாசிரியர்தான் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். அங்கிருந்து 108 வண்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை. டெங்கு என்று உறுதியானது. ஆறு நாள் சிகிச்சைக்குப் பிறகு நலமாகத் திரும்பினாள்.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் கொசுவால் பரவும் நோய்களைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். டெங்குவைப் பரப்புவது ஏடிஸ் கொசு என்று கோடிட்ட இடத்தை நிரப்பாத மாணவர் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனால் டெங்குவில் ஆபத்து மிகுந்த காலம் காய்ச்சல் குறையும்போதுதான் தொடங்குகிறது என்பதை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. அது நினைவில் இருந்திருந்தால், வயிற்று வலியும் வாந்தியும் கண்ட மாணவியைச் சத்துணவு வரை காத்திருக்கச் சொல்லியிருக்க மாட்டேன். அந்த வாரத்துக்குப் பிறகு நான் படித்தவற்றையும், மாணவர்களுடன் ஊரில் தேடிக் கண்டவற்றையும் நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மூன்றும் கூடும் இடம்

கொசு கடித்தால் நோய் வரும் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் வைரஸ், கொசு, அது கடிக்கும் உயிர் ஆகிய மூன்றும் உரிய காலத்தில் ஓரிடத்தில் கூட வேண்டும். டெங்கு வைரஸ் உள்ள ஒருவரைப் பெண் ஏடிஸ் கொசு கடிக்கிறது. இரத்தத்தோடு போன வைரஸ் கொசுவின் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாள்கள் ஆகும். வெப்பம் கூடினால் இந்த நாள்கள் குறையும். அதற்குப் பிறகுதான் அந்தக் கொசுவால் அடுத்தவருக்கு நோயைத் தர முடியும். அதுவரை அது உயிரோடு இருக்க வேண்டும். அதன் அருகில் மனிதர்களும் இருக்க வேண்டும்.

கொசு எங்கே முட்டையிடுகிறது, எவ்வளவு தூரம் பறக்கிறது, எந்நேரத்தில் யாரைக் கடிக்கிறது என்பவை கொசு இனத்துக்கு இனம் மாறும். அந்தக் கொசுவுக்கு இடம் அமைத்துக் கொடுப்பது மழையும் வெயிலும் மட்டுமல்ல. நாம் தண்ணீர் பிடிக்கும் முறையும், பயிர் செய்யும் முறையும், பயணம் போகும் வழக்கமும் சேர்ந்துதான். மூன்று நோய்களைக் கொண்டு இதைப் பார்ப்போம்.

குடத்துத் தண்ணீரில் டெங்கு

கொசு எங்கே பிறக்கிறது என்று வகுப்பில் கேட்டால் "சாக்கடை" என்றுதான் பதில் வரும். சாக்கடையில் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி தேடுவது தெளிந்த நீர். சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், மூடாத குடம், ஆட்டுக்கல் குழி, பழைய டயர், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவை அதற்குப் போதும். வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும் தாய், "எங்க வீடு சுத்தமாத்தானே இருக்கு, எப்படி வந்துச்சு?" என்று கேட்பது இதனால்தான். அவர் சொல்வது பொய்யல்ல. அவருடைய சுத்தமான குடிநீரில்தான் கொசுப்புழு இருக்கிறது.

குழாயில் தினமும் தண்ணீர் வரும் ஊரில் யாரும் நான்கு டிரம் நிரப்பி வைப்பதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை, வாரத்துக்கு ஒருமுறை வரும் ஊரில் நிரப்பாமல் இருக்கவும் முடியாது. எனவே டெங்குவை மழைக்கால நோய் என்று மட்டும் கற்பிப்பது அரைப் பாடம். மழை பெய்தால் கொட்டாங்கச்சியிலும் டயரிலும் கொசு பிறக்கும். மழை பொய்த்தால் சேமித்த தண்ணீரில் பிறக்கும். 2012-இல் தமிழகத்தில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. அவ்வாண்டு திருநெல்வேலி மாவட்டத்தில் அது தீவிரமானது மே, ஜூன் மாதங்களில். வடகிழக்குப் பருவமழை தொடங்கப் பல மாதங்கள் இருந்தன.

இன்னும் ஒன்று. ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் கரும்புள்ளிகளாக ஒட்டி வைக்கிறது. பாத்திரம் காய்ந்தாலும் அந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினால் புழு போகும், முட்டை போகாது. தேங்காய் நார் கொண்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக மாற நம் வெப்பநிலையில் ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒருமுறை என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துகிறார்கள்.

புகை அடித்தால் போதும் என்ற எண்ணமும் ஊரில் உண்டு. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தொட்டிக்குள் இருக்கும் கூட்டுப்புழு மறுநாள் கொசுவாகி வெளியே வரும்.

நெல்வயலும் மூளைக்காய்ச்சலும்

எங்கள் பள்ளியைச் சுற்றி மூன்று பக்கமும் நெல்வயல். டெங்குவைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் பேசாத இன்னொரு நோய்க்கு இந்த வயல்களோடு தொடர்பு உண்டு. அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் மனிதரிடம் அறியப்பட்டது 1955-இல், நம் வேலூரில்.

இதைப் பரப்பும் முதன்மையான கொசு கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ். நாற்று நட்டு, தண்ணீர் கட்டி, பயிர் இன்னும் தழைத்து மூடாத வயல் இதற்கு ஏற்ற இடம். மாலையிலும் இரவிலும், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிக்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டர்கூடப் பறக்கக்கூடியது. வயலில் மேயும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளில் இந்த வைரஸ் தங்கியிருக்கிறது. அங்கிருந்து கொசு வழியாகப் பன்றிக்குப் போனால் பன்றியின் இரத்தத்தில் பெருமளவில் பெருகுகிறது. பன்றியைக் கடிக்கும் கொசுக்கள் அதை எடுத்துக்கொண்டு மனிதரையும் கடிக்கின்றன. மனிதரின் இரத்தத்தில் வைரஸ் அந்த அளவுக்குப் பெருகாததால் அவரிடமிருந்து கொசுவுக்கு மீண்டும் போவதில்லை. மாடுகளைக் கொசுக்கள் நிறையக் கடித்தாலும் அவற்றில் வைரஸ் பெருகிப் பரவுவதில்லை. கொக்கு, பன்றி, மாடு, மனிதர் என்று நால்வரையும் கரும்பலகையில் வரைந்து அம்புக்குறி போடச் சொன்னால், உணவு வலையைவிடச் சுவையான ஒரு படம் கிடைக்கும்.

தொற்று ஏற்படும் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருப்பதில்லை. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு மூளை பாதிக்கப்படலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவ்வாறு பாதிக்கப்படுவோரில் 100-க்கு 30 பேர் வரை இறக்க நேரிடுகிறது. பிழைத்தவர்களில் பலருக்குக் கை கால் செயலிழப்பு, வலிப்பு, பேச்சுக் குறைபாடு போன்றவை நிலைத்துவிடுகின்றன. பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இதற்குத் தடுப்பூசி உண்டு. நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திலும் என இரு தவணை போடப்படுகிறது. டெங்குவைப் போல் மனிதரிலிருந்து மனிதருக்குச் சுழலாமல் பறவையிலும் பன்றியிலும் சுழலும் வைரஸ் என்பதால், ஊரில் எல்லோரும் ஊசி போட்டாலும் வைரஸ் வயலில் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே அந்த ஊசி தேவை.

அப்படியானால் நெல் விளைவிப்பதை நிறுத்துவதா? இந்தக் கேள்வியைக் கேட்டவன் எங்கள் பள்ளி மாணவன்தான். பதில் அவனுடைய தாத்தாவிடமே இருந்தது. கட்டிய தண்ணீர் வற்றி மண்ணில் மயிரிழை போல வெடிப்பு காணும்போது மறுபடி பாய்ச்சும் முறையை உழவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்கிறார்கள். திருந்திய நெல் சாகுபடியில் வேளாண் துறை பரிந்துரைப்பதும் இதையே. தண்ணீர் மிச்சமாகும், வேர் நன்றாக இறங்கும் என்பதற்காகச் செய்யப்படும் இம்முறையில் கொசுப்புழு முழு வளர்ச்சி அடையும் முன்பே அதன் தண்ணீர் வற்றிவிடுகிறது. மதுரையில் இயங்கிவந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் தமிழக வயல்களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கு கலந்த யூரியாவோடு இம்முறையைச் சேர்த்தும் சோதித்தார்கள், புழுக்கள் குறைந்தன.

சிக்கலும் இல்லாமல் இல்லை. ஒருவர் வயலைக் காயவிட்டுப் பக்கத்து வயலில் தண்ணீர் நின்றால் பயன் குறைவு. ஊர் சேர்ந்து செய்ய வேண்டும். அடைமழையில் எந்த வயலையும் காயவிட முடியாது. பூச்சிக்கொல்லியை அளவுக்கு மீறித் தெளித்தால் கொசுப்புழுவைத் தின்னும் சிறு மீன்களும், தட்டானின் இளம் உயிரிகளும், நீர்வண்டுகளும் அழிந்து கொசு முன்னைவிட வேகமாகப் பெருகும். வயலுக்கு மேல் தட்டான் பறப்பதைப் பார்த்து மழை வருமா என்று கேட்கும் நம் பிள்ளைகளிடம், தட்டான் கொசுவின் எதிரி என்பதையும் சொல்லலாம்.

சிரட்டையில் சிக்குன்குனியா

சிக்குன்குனியா 1952-53-இல் இன்றைய தான்சானியாவின் மகோண்டே பீடபூமியில் அடையாளம் காணப்பட்டது. மூட்டுவலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் அம்மக்களின் சொல்லே நோயின் பெயராயிற்று. 1960-களில் கொல்கத்தாவிலும் சென்னையிலும் பரவி, பிறகு பல்லாண்டுகள் அடங்கியிருந்தது. 2005-இன் பிற்பகுதியில் திரும்பி வந்து, 2006-இல் மட்டும் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முடக்கியது. நம்மில் பலருடைய பெற்றோர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது இன்னும் நினைவிருக்கும்.

2007-இல் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது கவனிக்கத்தக்கது. அங்கே நோய் கடுமையாகப் பரவியவற்றில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த மலையோர மாவட்டங்களும் அடங்கும். ரப்பர்ப் பால் பிடிக்க ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ கட்டியிருக்கும். தென்மேற்குப் பருவமழையின்போது பால்வெட்டு நிற்கும் தோட்டங்களில் இவை கவிழ்க்கப்படாமல் விடப்பட்டால், மரத்துக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான சிறு குளங்கள் உருவாகும். நிழலும் செடியும் உள்ள இடங்களை விரும்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. அதே காலத்தில் வைரஸும் மாறியிருந்தது. அதன் உறைப் புரதங்களில் ஒன்றில் 226-ஆம் இடத்திலிருந்த ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியதால், வைரஸ் இந்தக் கொசுவுக்குள் எளிதாகப் பெருகும் திறன் பெற்றது. மனிதன் தோட்டம் போட்டான். கொசு கிண்ணத்தில் பெருகியது. வைரஸ் அந்தக் கொசுவுக்குத் தன்னைப் பொருத்திக்கொண்டது. பரிணாமப் பாடத்துக்கு நம் வாழ்நாளிலேயே நடந்த எடுத்துக்காட்டு இது.

தீர்வு எளிது. வெட்டு இல்லாத காலத்தில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும். ரப்பர் இல்லாத ஊரிலும் இப்பாடம் பொருந்தும். தேங்காய் உரிக்கும் களம், இளநீர்க் கடை, டயர் பஞ்சர் கடை, திருமண மண்டபத்தின் பின்புறம் குவியும் பிளாஸ்டிக் கோப்பைகள் என ஒவ்வோர் ஊருக்கும் அதற்கே உரிய "சிரட்டை" இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதே மாணவர்களின் வேலை.

பேருந்தில் ஏறும் வைரஸ்

ஏடிஸ் கொசு தான் பிறந்த இடத்திலிருந்து பொதுவாக ஒரு தெரு, இரண்டு தெரு அளவுக்கு மேல் பறப்பதில்லை. அப்படியானால் நகரத்து டெங்கு கிராமத்துக்கு எப்படி வந்தது? நாம்தான் கொண்டுவருகிறோம். தீபாவளிக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஊர் திரும்பும் ஒருவரின் உடலில் வைரஸ் இருக்கலாம். கடிபட்டு 4 முதல் 10 நாள்களுக்குப் பிறகே காய்ச்சல் வரும் என்பதால் பேருந்தில் ஏறும்போது அவருக்கே தெரியாது. ஊரில் தொட்டி இருக்கிறது, கொசு இருக்கிறது. இல்லாதிருந்தது வைரஸ் மட்டுமே. சாலையும் பேருந்தும் வேலையும் நமக்கு வேண்டியவை. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. வரும் வைரஸுக்கு ஊரில் கொசு காத்திருக்காமல் பார்த்துக்கொள்வதே நம் கையில் உள்ளது.

எங்கள் பள்ளியில் கண்டது

ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. காலையிலும், மாலை மங்கும் முன்பும் அதிகம் கடிக்கும். நம் மாணவர்கள் பகலில் இருப்பது பள்ளியில். இதை உணர்ந்த அன்று, மாணவியின் தெருவுக்குப் போகும் முன் எங்கள் வளாகத்தையே சுற்றி வந்தேன். கழிப்பறைக்குப் பின்னால் பயன்படுத்தாத சிமெண்டுத் தொட்டி, மாடியில் உடைந்த மேசைகளுக்கு நடுவே கிடந்த வாளி, மூலிகைத் தோட்டத்துத் தொட்டிகளின் அடித்தட்டுகள். மூன்றிலும் புழு நெளிந்தது. அந்தத் தோட்டத்தை அமைத்தவள் நான். அங்கே பிறந்த கொசுதான் அவளைக் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. கடித்திருக்காது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வகுப்பில் செய்யக்கூடியவை

தேடலைக் கணக்காக்குங்கள். மாணவர்கள் தத்தம் வீட்டையும், பெற்றோர் துணையோடு பக்கத்து வீடுகளையும் பார்த்து வரட்டும். எடுத்துக்காட்டாக 40 வீடுகள் பார்த்து 6 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 15 சதவீதம். 160 பாத்திரங்களில் 8-இல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு 5 சதவீதம். 100 வீடுகளுக்கு எத்தனை புழுப் பாத்திரங்கள் என்பது பிரட்டோ குறியீடு. இங்கே அது 20. சுகாதாரத் துறையினர் பயன்படுத்தும் கணக்குகள் இவையே. சதவீதப் பாடத்துக்கு இதைவிட உயிருள்ள கணக்கு கிடைப்பது அரிது.

தொடக்க வகுப்புகளில், வாய் இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் புழுக்களைக் காட்டலாம். நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடந்தால் அனாஃபிலஸ். சுவாசக் குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். பார்த்து முடித்த அன்றே வெந்நீர் ஊற்றி அழித்துவிட வேண்டும்.

பதிவேட்டைப் பயன்படுத்துங்கள். காய்ச்சலால் வராத மாணவரின் பெயருக்கு நேரே "கா" என்று நான் இப்போது குறிக்கிறேன், தெருவையும் எழுதுகிறேன். ஒரே தெருவில் ஒரே வாரத்தில் இருவர் என்றால் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறேன். ஊரில் பரவும் காய்ச்சலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முன்பே பார்க்கும் ஆவணம் நம் கையில் இருக்கிறது.

ஆபத்து அறிகுறிகளைச் சுவரில் எழுதிப்போடுங்கள். காய்ச்சல் குறைந்த ஓரிரு நாளில் கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. கடையில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

யாரையும் தலைகுனிய வைக்காதீர்கள். புழு கண்ட வீட்டின் பெயரை வகுப்பில் வாசிக்க வேண்டாம், எண் போதும். மூளைக்காய்ச்சலைப் பற்றிப் பேசும்போது பன்றி வளர்ப்போரின் பிள்ளை அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம். பன்றி, கொக்கு, நெல்வயல் எல்லாம் சேர்ந்த சுழற்சி அது என்பதையும், பட்டியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி அமைப்பது ஊராட்சி இடம் தந்தால்தான் முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டிரம்மில் தண்ணீர் பிடிப்பவரையும் அப்படியே. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரக் கேட்பதும் டெங்கு ஒழிப்புதான். எங்கள் பள்ளி மேலாண்மைக் குழு அதை ஊராட்சிக்கு மனுவாகவே எழுதிக் கொடுத்திருக்கிறது.

இப்போது எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை தொட்டி பார்க்கும் நேரம். தேசியப் பசுமைப் படை மாணவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்து போகிறார்கள். மாடிக்குப் போகும் குழுவுக்கு, அன்று மேசையில் தலை சாய்த்துப் படுத்த அந்த மாணவிதான் தலைவி. மூலிகைத் தோட்டத்தில் இப்போது அடித்தட்டுகள் இல்லை. சென்ற வாரம் அவள் கொடுத்த தாளில் எல்லாக் கட்டங்களிலும் சுழி இருந்தது. ஒரு கட்டத்தில் மட்டும் ஒன்று. ஆசிரியர் அறைக்கு வெளியே, நாங்கள் கை கழுவும் வாளி.